நித்தியகல்யாணி இலைச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்குமா?

கேள்வி: பிப்ரவரி 3, 2024

அம்மாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக வாசலில் நிற்கும் நித்தியகல்யாணியில் பத்து இலை பறித்து, அரைத்து, வெறும் வயிற்றில் குடிக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 168இலிருந்து 121க்கு வந்திருக்கிறது. "ஆப்பிரிக்காவில் காலங்காலமாகக் குடிக்கிறார்கள், புற்றுநோயே குணமாகிறதாம், சர்க்கரை என்ன பெரிசு?" என்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று இப்போது கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 10.40

மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாற்றை நிறுத்துங்கள். அந்தச் செடி விஷம். அதிலிருந்து எடுக்கும் மருந்தை நான் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன். மருந்தாளுநராக 22 வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மீதி நாளை.

பிப்ரவரி 4

நேற்று தூக்கக் கலக்கத்தில் அதட்டிவிட்டேன். இன்று கொஞ்சம் நிதானமாக.

இந்தச் செடியோடு எனக்கு இருக்கும் பழக்கம் மருந்துக்கடைப் பழக்கம் அல்ல. சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். தேரிக்காட்டுச் செம்மண். வேறு எதுவும் ஒழுங்காக விளையாத நிலத்தில் தாத்தா நித்தியகல்யாணி போட்டார். மழையை நம்பித்தான். விதை மணல் மாதிரி பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். ஆறு மாதத்தில் ஒரு தடவை இலை உருவு, ஒன்பதாம் மாதம் இன்னொரு தடவை, வருடம் முடிந்ததும் செடியோடு பிடுங்கி வேரைத் தனியாக வெட்டி நிழலில் காயவைப்பார்கள். இலைக்கு ஒரு வியாபாரி, வேருக்கு ஒரு வியாபாரி. எங்கே போகிறது என்று கேட்டால் "ஃபாரினுக்கு" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

பள்ளி விடுமுறையில் இலை உருவுவது எங்கள் வேலை. அந்தக் கையோடு சோற்றைத் தொட்டால் சாப்பாடு முழுக்கக் கசக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. ஆடு மாடு வாய் வைக்காது. வேலியே வேண்டாத பயிர் என்று தாத்தா பெருமைப்படுவார். எது கண்டாலும் மேயும் எங்கள் ஊர் வெள்ளாடே விட்டுவிட்டுப் போகிற இலையை மனுஷன் வெறும் வயிற்றில் குடிப்பானேன் என்பதுதான் நேற்று இரவு என் மனதில் ஓடியது. அது அறிவியல் இல்லைதான்.

ஊருக்கு ஊர் பெயர் வேறு. எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்கள் பட்டிப்பூ என்பார்கள். தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். சொந்த ஊர் மடகாஸ்கர். நம் வாசல்களில் இவ்வளவு இயல்பாக நிற்பதால் நம் ஊர்ச் செடி என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் வந்து குடியேறியதுதான். மடகாஸ்கர் நாட்டு வைத்தியர்கள் புற்றுநோய்க்குக் கொடுத்து வந்ததைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் மருந்து கண்டுபிடித்தான்.

பிப்ரவரி 4, மாலை

மேலே கடைசி வாக்கியத்தை நானே சந்தேகப்படுகிறேன். கல்லூரியில் யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். பார்த்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 6

பார்த்துவிட்டேன். முந்திரிக்கொட்டைத்தனம்தான். உண்மைக் கதை வேறு, அதைவிடச் சுவாரசியம்.

1952இல் கனடாவில் கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் வருகிறது. உள்ளே 25 இலைகள். அங்கே சர்க்கரைக்கு இந்த இலையில் டீ போட்டுக் குடிக்கிறார்கள், ஆராய்ந்து பாருங்கள் என்று குறிப்பு. இந்த கிளார்க் நோபல் யார் தெரியுமா? 1921இல் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்குக்கு உதவியாளராகப் போக வேண்டிய இரண்டு மாணவர்களில் ஒருவர். காசு சுண்டிப் பார்த்ததில் சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார், இன்சுலின் கதைக்குள் போனார். இவர் வெளியே நின்றுவிட்டார். முப்பது வருடம் கழித்து, சர்க்கரைக்கு என்று ஒரு இலை அவர் வீட்டுக்கே வந்து சேருகிறது.

அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபலுக்கு அனுப்பினார். தம்பி இருந்தது மேற்கு ஒன்டாரியோ பல்கலையில், காலிப் பெயரில் நடந்த ஆய்வுக்கூடம். இன்சுலினை மனிதனுக்குப் போடும் அளவுக்குச் சுத்தப்படுத்திய அதே காலிப். சர்க்கரை மருந்து தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டார்கள். அப்போதும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் சில நாளில் எலிகள் செத்தன. அறுத்துப் பார்த்தால் உடம்பு முழுக்கக் கிருமித் தொற்று. காரணம் வெள்ளையணு சரிந்திருந்தது. எலும்பு மஜ்ஜை வேலை செய்யவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். சர்க்கரைக்கு உதவவில்லை என்று குப்பையில் போட்டிருக்கலாம். அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: வெள்ளையணுவைக் குறைக்கிறது என்றால், வெள்ளையணு தறிகெட்டுப் பெருகுகிற ரத்தப் புற்றுநோயில் என்ன ஆகும்? வேதியியலாளர் சார்லஸ் பீர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வெளியிட்டார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயத்தில் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவும் இதே செடியைக் கையில் எடுத்திருந்தார். அவருக்குத் துப்பு கொடுத்ததும் சர்க்கரைதான். பிலிப்பைன்ஸில் அதற்குக் குடித்து வந்தார்கள். அவர் சாற்றை லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்தார். அவை கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. அந்த வழியில் வந்ததுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அனுமதி.

ஆக, அம்மாவின் வாட்ஸ்அப் செய்தி சொல்கிற இரண்டு சங்கதிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லாது. புற்றுநோய் மருந்து பிறந்ததே சர்க்கரைச் சோதனை தோற்ற இடத்தில்தான்.

பிப்ரவரி 7

ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்: "அப்படியென்றால் ஆப்பிரிக்க மருத்துவம் எல்லாம் சும்மாவா?" நான் அப்படிச் சொல்லவில்லை. மடகாஸ்கரில் இதற்கு வோனெனினா, டோங்கா என்றெல்லாம் பெயர் உண்டு. பசியை அடக்க இலையை மெல்லுவது, வயிற்றைக் கழுவக் கஷாயம் குடிப்பது என்று பழக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் லிம்போபோவில் பாபெடி வைத்தியர்கள் வேரைக் கொதிக்கவைத்து வெட்டை நோய்க்குக் கொடுக்கிறார்கள். குவாசுலு-நடால் பக்கம் சர்க்கரைக்கும் உண்டு. சும்மா என்று யார் சொன்னது? புற்றுநோய்க்கு அவர்கள் கொடுத்ததாக நாம் பின்னாலிருந்து ஒட்டிவைக்கிறோம், அதைத்தான் சொல்கிறேன். அவர்கள் உண்மையில் என்னவெல்லாம் அறிந்திருந்தார்கள் என்பது இந்த ஒட்டுவேலையில் மறைந்துபோகிறது.

பசியை அடக்கும் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் விடாமல் கேட்கிறார்: "கனடா எலிக்கு இறங்கவில்லை, சரி. அம்மாவுக்கு இறங்கியிருக்கிறதே?"

நியாயமான கேள்வி. கனடாவோடு கதை முடிந்துவிட்டதாக எழுதியதும் தப்புதான். 2003இல் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலையில் பச்சை இலைச் சாற்றையே முயலுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அலாக்ஸான் ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைத்த முயலுக்கும், சாதாரண முயலுக்கும். இரண்டிலும் இறங்கியது. இலைச் சத்தைக் கரைப்பானில் இறக்கி எலிக்குக் கொடுத்து, இறங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. வின்டோலின் போன்ற வேறு ஆல்கலாய்டுகளுக்கு (செடி தனக்குள் செய்துகொள்ளும் ரசாயனங்கள், வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இந்த வகைதான்) அந்தக் குணம் இருக்கலாம் என்று ஒரு பேச்சு. இந்தச் செடியில் 130க்கும் மேல் ஆல்கலாய்டுகள். அதில் புற்றுநோய்க்குப் போவது இரண்டுதான்.

அப்படியானால் கனடாவில் ஏன் இறங்கவில்லை? காய்ந்த இலையா பச்சையா, தண்ணீரில் இறக்கியதா சாராயத்தில் இறக்கியதா, எந்த விலங்கு, எப்படி வரவழைத்த சர்க்கரை, எத்தனை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள் என்று எல்லாவற்றிலும் வித்தியாசம் வரும். "சாறு" என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. ஒரே செடியில் மெத்தனாலில் இறங்குவது ஒன்று, தண்ணீரில் இறங்குவது வேறொன்று, அம்மாவின் மிக்ஸியில் இறங்குவது மூன்றாவது.

இன்னொன்றும் உண்டு, இது என் சொந்த அனுபவம். முதுகலையில் எங்கள் குழு ஒரு கசப்பு இலையின் சத்தைச் சர்க்கரை எலிகளுக்குக் கொடுத்தது. (நித்தியகல்யாணி இல்லை, வேறு செடி.) சர்க்கரை அழகாக இறங்கியது. இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எலி எவ்வளவு தீனி தின்றது?" யாரும் எடை போடவில்லை. கூண்டில் மிச்சத் தீனி குவிந்து கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கசப்பைக் குடித்த எலி சாப்பிடவில்லை. சாப்பிடாத எலிக்குச் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மருந்து கொடுக்காத எலிக்கும் அதே அளவு குறைந்த தீனியை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை.

பசியை அடக்கும் இலை என்று மடகாஸ்கரில் சொல்கிறார்களே, அதைத்தான் குறித்துவைக்கச் சொன்னேன். அம்மா இந்த ஒரு மாதமாகக் காலை இட்லி எத்தனை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 12

"முன்பு நான்கு, இப்போது இரண்டு. வாய் கசக்கிறதாம். காலையில் நடக்கவும் போகிறார், சர்க்கரை போட்ட காபியை விட்டுவிட்டார்" என்று பதில் வந்திருக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். எங்கள் ஊரில் பனையும் நிறைய, காக்காயும் நிறைய, அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 19

சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் "புற்றுநோயே குணமாகிறது" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருவதால் எழுதுகிறேன்.

2009இல் அக்கா மகனுக்கு லுகேமியா. ஆறு வயது. குழந்தைகளுக்கு வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை. முதல் மாதச் சிகிச்சையில் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, கூடவே ஸ்டீராய்டு, அஸ்பரஜினேஸ். சீட்டில் பெயரைப் பார்த்ததும் தாத்தாவின் செம்மண் காடு ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொன்னேன், "நாம் உருவின இலைதான் இது" என்று. அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தாள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை என் வழியில் சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கக் கயிறு வேண்டும். டியூபுலின் என்ற புரதம்தான் நார், அதைத் திரித்தால் நுண்குழல் என்ற கயிறு. வின்கிரிஸ்டின் போய் அந்த நாரைப் பிடித்துக்கொள்கிறது. கயிறு திரிக்க முடியாமல் செல் பாதியில் நின்று செத்துப்போகிறது. வேகமாகப் பெருகும் செல்தான் முதலில் மாட்டும். ஆனால் அதே நுண்குழல்தான் நரம்புக்குள் சாமான் கொண்டுபோகிற தண்டவாளம். நீளமான நரம்பு முதலில் அடிவாங்கும், அதாவது பாதம். பையனுக்கு மூன்றாம் வாரம் செருப்பு தானாகக் கழன்று விழுந்தது, காலைத் தரையில் தட்டித் தட்டி நடந்தான். தாடை வலி, முறுக்கு கடிக்க முடியாது. வயிறு நான்கு நாள் போகாது. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் மூலக்கூறில் ஒரே ஒரு இடத்தில்தான் வேறுபடும். அந்த ஒரு இடத்துக்காக, ஒன்று மஜ்ஜையை அதிகம் தாக்குகிறது, மற்றது நரம்பை. செடியிடம் "இதை மட்டும் கொடு" என்று கேட்க முடியாது.

ஒரு நாள் முதுகுத்தண்டில் போடும் மெத்தோட்ரெக்சேட்டும் ரத்தநாளத்தில் போடும் வின்கிரிஸ்டினும் ஒரே தட்டில், ஒரே மாதிரி சிரிஞ்சில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போனால் பெரும்பாலும் மரணம்தான். 2007இலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருந்தது, சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்ன டிரிப் பையில் கலந்து போடுங்கள் என்று. பையில் இருந்தால் யாரும் முதுகில் ஏற்ற மாட்டார்கள். சத்தம் போட்டுப் பிரிக்க வைத்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

அதே வாரம் வீட்டில் இன்னொரு கூத்து. "வாசலில் இருக்கிற மருந்துதானே, காசு கொடுத்து ஊசி எதுக்கு" என்று பாட்டி ஒரு டம்ளர் சாறு எடுத்து வைத்திருந்தாள். நான் அதைச் சாக்கடையில் ஊற்றினேன். பாட்டி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

கணக்குப் பிரியர்களுக்கு: ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். பையனின் ஊசி 1.2 மில்லிகிராம். அதாவது ஒரு ஊசிக்கு 2.4 கிராம் இலை. ஒரு பிடிகூட இல்லை!

பிப்ரவரி 20

2.4 கிராம் இல்லை, 2.4 கிலோ. ஆயிரத்தால் பெருக்க மறந்த மருந்தாளுநரிடம் யாரும் மருந்து வாங்காதீர்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. ஒரு ஊசிக்கு இரண்டரைக் கிலோ காய்ந்த இலை. உருவியவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு குவியல் என்று. உழைப்பில்லாமல் ஒரு பிடியில் கிடைத்துவிடும் என்று நானே நம்பிவிட்டேன் பாருங்கள், வாட்ஸ்அப்பை என்ன சொல்வது.

மார்ச் 2

கணக்கைத் திருத்தியதும் வேறொரு சிக்கல். இரண்டரைக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்றால், அம்மாவின் பத்து இலையில் இருப்பது ஒன்றுமே இல்லை என்றுதானே ஆகிறது? அப்புறம் நான் முதல் நாள் "விஷம்" என்று கத்தியது எதற்கு?

இரண்டு பக்கமும் யோசித்தேன். ஆலையில் கைக்கு வந்து சேரும் அளவு வேறு, இலைக்குள் இருக்கும் அளவு வேறு. பிரித்தெடுக்கும் வழியில் நிறைய வீணாகும். அதோடு, இலையில் வின்பிளாஸ்டின்தான் கூடுதல். இப்போதெல்லாம் வின்பிளாஸ்டினை எடுத்து அதையே வின்கிரிஸ்டினாக மாற்றுவதும் உண்டு. அதனால் 2,000 கிலோ என்பதை இலையின் அளவாக வாசிக்கக் கூடாது. ஆனாலும் பத்து இலையில் இருப்பது சொற்பம்தான். வாய்வழியாகப் போனால் அதிலும் எவ்வளவு ரத்தத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. குடலில் சரியாக ஏறாது என்பதால்தான் இந்த இரண்டும் ஊசியாகவே இருக்கின்றன. வாய்வழியாகவும் கொடுக்க முடிகிற வினோரெல்பின், மூலக்கூறையே கொஞ்சம் மாற்றிச் செய்தது, பிரான்சில் பியேர் பொத்தியே குழுவின் வேலை.

ஆகவே முதல் நாள் சொன்னதை இறக்கிக்கொள்கிறேன். பத்து இலையால் அம்மாவின் வெள்ளையணு சரிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் பயம் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை. சாறு உண்மையிலேயே சர்க்கரையை இறக்கினாலும் சரி, பசியை மட்டும் அடக்கினாலும் சரி, அந்த மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். "இறங்கவில்லை" என்பதைவிட "இறங்குகிறது" என்பதுதான் ஆபத்து.

பாட்டியின் டம்ளரைப் பற்றியும். அன்று நான் ஊற்றியதற்குச் சொன்ன காரணம் "அளவு கூடிவிடும்". இன்று யோசித்தால் அதைவிடப் பெரிய காரணம் பச்சைச் சாறு. வெள்ளையணு தரைதட்டியிருந்த பையன், கழுவியும் கழுவாமலும் அரைத்த வாசல் இலை, கிணற்றுத் தண்ணீர். கனடா எலிகள் செத்தது தொற்றில்தானே. ஊற்றியது சரி, காரணம்தான் அரைகுறை. பாட்டி இருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம். அவளும் "கழுவித்தான்டா அரைச்சேன்" என்றிருப்பாள்.

மார்ச் 15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். போன வாரம் பிரதோஷ விரதம், அம்மா பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார், சாறும் உண்டு. மாலையில் கோயிலில் வியர்த்து, கை நடுங்கி, உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் பிரசாதப் பொங்கலை ஊட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது 74. பொங்கல் சாப்பிட்ட பிறகு 74 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவோ.

"நீங்கள் சொன்னபடியே நடந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். நடக்கும் என்று தெரிந்தும் நான் சாற்றைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன், விரதத்தன்று மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. இது விரதமும் மாத்திரையும் மட்டும் சேர்ந்தாலே நடக்கக்கூடியது, சாறே தேவையில்லை. மறுபடியும் பனம்பழம்.

மருத்துவரிடம் போகும்போது சாறு குடித்ததை மறைக்க வேண்டாம். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்களைத் தினம் பார்க்கிறேன். திட்டினால் திட்டட்டும்.

மார்ச் 16

அப்படியே கேட்டு வந்த மற்றவர்களுக்குச் சுருக்கமாக: கர்ப்பிணிகள் இந்தச் சாற்றைத் தொடவே கூடாது. கீமோ எடுப்பவர்கள் வீட்டுச் சாறு எதையும் சேர்க்கக் கூடாது, பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல்கூட வின்கிரிஸ்டினின் நச்சைக் கூட்டிவிடும். வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா எது "ஒரிஜினல்" என்ற கேள்விக்கு, இரண்டும் ஒரே இனம். லக்னோ ஆய்வு நிலையத்தின் நிர்மல் என்ற ரகம் வெள்ளைப் பூ. வாசலுக்கு எது அழகோ அதை வையுங்கள்.

மார்ச் 30

லாபத்தில் மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது என்று ஒருவர். மருந்து நிறுவனத்திடமிருந்து பங்கு என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. பல்லுயிர் ஒப்பந்தம் 1992இல்தான், நகோயா நெறிமுறை 2010இல்தான். தீவின் தெற்கே ஆன்ட்ராய் வறண்ட பூமி, அடிக்கடி பஞ்சம். அங்கே மக்கள் இந்தச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து விற்கிறார்கள், ஃபோர்ட் டோஃபின் துறைமுகம் வழியாக மூட்டை போகிறது. எனக்கு அதைப் படித்தபோது தாத்தாவும் அவருடைய இரண்டு வியாபாரிகளும் ஞாபகம் வந்தார்கள். "ஃபாரினுக்கு."

ஆனால் துப்பு கொடுத்தது ஜமைக்கா, பிலிப்பைன்ஸ். செடி மடகாஸ்கர். பயிரிட்டது நாமும்தான். கண்டுபிடித்தது கனடா, அமெரிக்கா. பங்கு பிரிக்க உட்கார்ந்தால் பாகப்பிரிவினை வழக்கு மாதிரி இழுக்கும். ஹூடியா கதை இதைவிடத் தெளிவு. கலஹாரியில் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க மெல்லுகிற கள்ளி போன்ற செடி. தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் அவர்களைக் கேட்காமலே காப்புரிமை வாங்கியது. சண்டை வந்து 2003இல் பங்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதை வைத்து மருந்து செய்யப் பார்த்த ஃபைசர் கைவிட்டது, யூனிலீவரும் 2008இல் கைவிட்டது. ஒப்பந்தம் இருந்தது, பங்குபோட லாபம் இல்லை. இங்கே லாபம் இருந்தது, ஒப்பந்தம் இல்லை.

இது தனி இழையாகப் போக வேண்டியது. நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 9

நிறுத்தமுடியவில்லை, ஒரு சேதி மட்டும். 2022இல் நேச்சர் இதழில் வந்தது: ஈஸ்டின் மரபணுவில் பெரிய வேலை செய்து, வின்டோலினும் கேதராந்தினும் செய்ய வைத்துவிட்டார்கள். அந்த இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் கோத்தால் வின்பிளாஸ்டின். மாவு புளிக்கவைக்கிற ஈஸ்ட். 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து குழந்தைகளுக்கு ஊசி தள்ளிப்போனதை நினைத்தால் இது நல்ல சேதி. ஆன்ட்ராய் மக்களுக்கு எப்படிப்பட்ட சேதி என்பது வேறு.

ஜூன் 23

ஊருக்குப் போயிருந்தேன். தாத்தாவின் நிலத்தில் இப்போது முருங்கை. வரப்பில் நாலைந்து நித்தியகல்யாணி தானாக முளைத்து நிற்கிறது. அதன் பக்கத்தில் குட்டையாக, சின்ன வெள்ளைப் பூவோடு இன்னொரு செடி. சின்ன வயதில் களை என்று பிடுங்கிப் போட்டது. மிளகாய்ப்பூண்டு. இப்போதுதான் தெரிந்துகொண்டேன், அதுவும் இதே கேதராந்தஸ் பேரினம். மொத்தம் எட்டு இனங்கள், ஏழுக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர், எட்டாவதான இதற்கு இந்தியாவும் இலங்கையும். கடல் தாண்டி வந்த செடிக்கு உருவுகிறோம், காயவைக்கிறோம், விற்கிறோம். அதன் பங்காளி காலங்காலமாக இங்கேயே இருந்திருக்கிறது, நாங்கள் பிடுங்கி வரப்பில் எறிந்திருக்கிறோம்.

மிளகாய்ப்பூண்டு சர்க்கரைக்கு நல்லதா என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

ஜூன் 24

ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவரிடமிருந்து: மருத்துவர் கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கியிருக்கிறார். சாறு நின்று ஐந்து மாதம். நடையும் காபி விரதமும் தொடர்கிறது. மூன்று மாதச் சராசரி 7.1, போன வருடம் 8.4. பனம்பழம் எதனால் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்காது, இருந்தாலும் ஒரே ஒரு அம்மாவை வைத்து ஆய்வு எழுத மாட்டேன். வைவாவுக்கு வந்தவர் எங்கேயாவது இருப்பார்.

வாசல் செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்கிறார். எதற்கு? அம்மா காலையில் பூப் பறித்துச் சாமிக்கு வைக்கிறாராம், வைக்கட்டும். பறித்த கையோடு காபி டம்ளரைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், கசக்கும்.

அக்கா மகன் எப்படி இருக்கிறான் என்று நாலு பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது 21 வயது. மருந்து நின்று பன்னிரண்டு வருடம். இடது கால் கட்டைவிரலில் இன்னும் உணர்ச்சி கொஞ்சம் மட்டு. பந்து விளையாடும்போது தெரிவதில்லை, செருப்பு வாங்கும்போதுதான் தெரிகிறது என்கிறான்.